புதுப்பிப்பு: காரைக்குடி லேப் சர்வரில் பிகேஎக்ஸெக் ஓட்டை அடைபட்டது

காரைக்குடியில் நான் பார்த்துக்கொள்ளும் கணினிப் பயிற்சி மையத்தின் பழைய லினக்ஸ் சர்வரில் உள்ள பாதுகாப்பு ஓட்டையை எப்படி அடைப்பது என்று இந்த இழையில் கேட்டிருந்தேன். வேறொரு பயனரின் உரிமையோடு கட்டளைகளை ஓட்ட உதவும் பிகேஎக்ஸெக் (pkexec) என்ற நிரலில் இருப்பதாக 2022 ஜனவரியில் வெளியான பவ்ன்கிட் (PwnKit) ஓட்டை அதில் திறந்தே கிடந்தது. பழைய பதிப்பு என்பதால் அப்டேட் வருவதும் நின்றுவிட்டது.

நண்பர்கள் சொன்னபடி பிகேஎக்ஸெக்கின் செட்யுஐடி அனுமதியை (யார் ஓட்டினாலும் நிரல் அதன் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓட வைப்பது) chmod கட்டளையில் 0755 கொடுத்து எடுத்துவிட்டேன். கோப்பின் அனுமதிகளைப் பட்டியலிட்டுப் பார்த்தால் முன்பு 'எஸ்' இருந்த இடத்தில் இப்போது 'எக்ஸ்' இருக்கிறது. மாணவர்களுக்கு எந்த வேலையும் தடைபடவில்லை. நிர்வாகி உரிமையோடு கட்டளை ஓட்டும் சுடோவும் வழக்கம்போல ஓடுகிறது.

"வெளியிலிருந்து யாரும் வர முடியாதே, பிறகென்ன பயம்?" என்று ஒரு அண்ணன் கேட்டிருந்தார். தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பிள்ளைகள் எல்லாரும் அதே சர்வரில்தான் லாகின் செய்கிறார்கள். ஓட்டை திறந்திருந்தால், ஒருவருடைய பாஸ்வேர்டு கசிந்தாலே ரூட் (முழு நிர்வாகி அதிகாரம்) வரை போய்விடலாம், அதுதான் பயம்.

விஷயம் இதுதான். ஆர்க்யுமென்ட் (நிரலை அழைக்கும்போது கொடுக்கும் சொற்கள்; நிரலின் பெயரும் அதில் ஒன்று) ஒன்றுகூட இல்லாமல் அழைத்தால், பிகேஎக்ஸெக் அந்த ஆர்க்யுமென்ட் பட்டியலின் எல்லையைத் தாண்டி, அடுத்திருக்கும் சூழல் மாறிகளை (நிரலுக்குக் கொடுக்கப்படும் அமைப்பு மதிப்புகளை) படிக்கிறது. அங்கேயே எழுதவும் செய்கிறது. செட்யுஐடி நிரல் தொடங்கும்போது கழித்துவிடப்படும் ஆபத்தான மாறி, இப்படிப் பின்வாசல் வழியாகத் திரும்ப வந்துவிடும். 2009 முதல் இருந்த பிழை! லினக்ஸின் மையப்பகுதியான கர்னலில், 5.18 பதிப்பிலிருந்து, காலிப் பட்டியலோடு அழைத்தால் கர்னலே அதில் ஒரு வெற்று ஆர்க்யுமென்டைச் சேர்த்துவிடுகிறது.

அப்புறம், யாராவது இந்த ஓட்டையை ஏற்கெனவே பயன்படுத்தினார்களா என்று பார்த்தேன்; சர்வரின் பதிவேட்டில் (லாக்) 'ஷெல்' மாறி பற்றிய எச்சரிக்கை எதுவும் இல்லை. ஆனால் தடயம் விடாமலும் இதைச் செய்யலாம் என்பதால், தேர்வு முடிந்ததும் சர்வரை அழித்துப் புதிய பதிப்பைப் போடப்போகிறேன். உதவிய எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.