ட்ஸாட்ஸிகி மோர் மாதிரி ஓடுது, கெட்டியா நிக்க என்ன செய்யணும்?

வெண்டைப்பூ:
நம்ம வெள்ளரித் தயிர்ப் பச்சடி மாதிரி இருக்கிற கிரேக்க ட்ஸாட்ஸிகிதான் கேள்வி. அரை கிலோ சாதாரணத் தயிர், ஒரு வெள்ளரிக்காய், 3 பல் பூண்டு, எலுமிச்சைச் சாறு, ஆலிவ் எண்ணெய் எல்லாத்தையும் மிக்ஸியில் ஒரு சுத்து விட்டு எடுக்கிறேன். சுவை சரியா இருக்கு, ஆனா ஓடுது. அரை மணி நேரத்துல மேல தண்ணி தனியா நிக்குது. மறுநாள் பூண்டு நாக்கைப் பிடுங்குது. கடையில் கிரீக் யோகர்ட் வாங்காம, சாதாரணத் தயிரை வெச்சே அந்தக் கெட்டிப் பதம் வருமா?

உரலும் உலக்கையும்:
தாராளமா வரும். முதல்ல மிக்ஸியை ஓரங்கட்டுங்க. பால் புரதம் வலை மாதிரி பின்னிக்கிட்டு உள்ளே தண்ணியைப் பிடிச்சு வெச்சிருக்கிறதாலதான் தயிர் கெட்டியா இருக்கு. பிளேடு அந்த வலையை அறுத்துடும். அப்புறம் ஃப்ரிட்ஜில் எவ்வளவு நேரம் வெச்சாலும் பழைய பதம் திரும்பாது.

1 கிலோ கொழுப்பு நீக்காத, புளிக்காத தயிர் எடுத்துக்குங்க. வடிகட்டி மேல மெல்லிய பருத்தித் துணியை இரண்டா மடிச்சு விரிச்சு, தயிரைக் கொட்டி, அடியில் பாத்திரம் வெச்சு ஃப்ரிட்ஜில் 6 முதல் 8 மணி நேரம் விடுங்க. வெளியே வெச்சு வடிச்சா வடியறதுக்குள்ள புளிச்சிடும். இறங்குற தண்ணி இளம் பச்சை கலந்த மஞ்சளா, தெளிவா இருக்கணும். பால் மாதிரி வெளுப்பா இறங்கினா துணியின் நெசவு அகலம்னு அர்த்தம். கடைசியில் ஏறக்குறைய 500 கிராம் நிக்கும். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்துப் பாருங்க, கோடு மூடிக்காம இருந்தா போதும். கிரீஸில் இதுக்கு ஆட்டுப்பால் தயிரோ 10% கொழுப்புள்ள வடிகட்டின தயிரோ போடுவாங்க. கொழுப்பு குறைஞ்ச தயிரில் செஞ்சா புளிப்பு மட்டும் தூக்கலா, வாயில் மாவு மாதிரி படும்.

அடுத்தது வெள்ளரிக்காய். அதில் 95 சதவீதத்துக்கு மேல தண்ணிதான், அதனால உங்க பிரச்சினையில் பாதி இங்கேதான் இருக்கு. 300 கிராம் காயை, காம்புப் பக்கம் ஒரு துண்டு வாயில் போட்டு கசக்குதான்னு பார்த்துட்டு, விதை முத்தியிருந்தா வழிச்சுப் போட்டு, துருவியின் பெரிய கண்ணில் துருவுங்க. முக்கால் டீஸ்பூன் உப்பு பிசிறி வடிகட்டியில் 30 நிமிஷம் வையுங்க. பிறகு துணியில் கைப்பிடி கைப்பிடியா போட்டு முறுக்குங்க. சொட்டு நின்னதும் நிறுத்திடாதீங்க. துணியைப் பிரிச்சு, துருவலை உதறி, இன்னொரு தடவை முறுக்கினா மறுபடியும் தண்ணி வரும். உள்ளங்கையில் வெச்சு மூடித் திறந்தா கை நனையக் கூடாது, அதுதான் பதம். துருவலை அலச வேண்டாம், அந்த உப்பே கலவைக்கும் ஆச்சு.

செவ்வாழை:
பூண்டு பத்தி நான் சொல்றேன். முழுப் பல்லில் காரம் கிடையாது. நசுக்கும்போது ஒரு நொதி வேலை செஞ்சு அல்லிசின் உருவாகுது, அதுதான் காரம். புளிப்பு பட்டா அந்த நொதி அடங்கிடும். அதனால 500 கிராம் தயிருக்கு 2 சின்னப் பல் எடுத்து, நடுவில் இருக்கும் பச்சை முளையை எடுத்துட்டு, உரலில் ஒரு சிட்டிகை உப்போட 1 டேபிள்ஸ்பூன் வினிகரையும் சேர்த்தே மசிய இடிங்க. தனியா இடிச்சு அப்புறம் வினிகர் ஊத்தினா, காரம் அதுக்குள்ள உருவாகியிருக்கும், அதைத் திருப்பி எடுக்க முடியாது.

எலுமிச்சையை விட சிவப்பு ஒயின் வினிகர்தான் கிரேக்க வழக்கத்துக்கு நெருக்கம். எதுவானாலும் அளவு தாண்டினா தயிர் இளகும்.

இடிச்ச விழுதில் 3 டேபிள்ஸ்பூன் எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் எண்ணெயைக் கலந்து, தயிரைப் போட்டு கரண்டியால் மெதுவா புரட்டுங்க. பிறகு வெள்ளரி, கடைசியா 2 டேபிள்ஸ்பூன் நறுக்கின சதகுப்பை இலை. சில வீடுகளில் புதினா போடுவாங்க, இலையே போடாதவங்களும் உண்டு. மூடி 2 மணி நேரம் ஃப்ரிட்ஜில் வெச்சுட்டு, அப்புறம்தான் உப்பு பார்க்கணும். கலந்த உடனே பார்த்தா குறைவாத் தெரியும்.

நடுச்சாமம்:
உடனே சாப்பிடப் போறதா இருந்தா வெள்ளரிக்கு உப்பே வேண்டாம்னு சொல்வேன். வெறுமனே நல்லா முறுக்கினாலே போதும், பச்சை வாசனை அப்படியே நிக்கும். ஆனா ஒரு மணி நேரத்துக்கு மேல வைக்கணும்னா முதல்ல சொன்ன முறைதான் சரி, இல்லாட்டி தயிரில் இருக்கும் உப்பே மிச்சத் தண்ணியை இழுத்து விட்டுடும்.

விருந்துக்கு முன்கூட்டியே செய்யணும்னா, வடிச்ச தயிரை மட்டும் முந்தின நாளே தயாரா வெச்சுக்கிட்டு, பரிமாற 2 மணி நேரம் முன்னாடி கலந்துடுங்க. கலந்தது 2, 3 நாள் தாங்கும். லேசா தண்ணி கசிஞ்சா பாத்திரத்தைச் சாய்ச்சு வடிச்சிடுங்க. சோள மாவு, மயோனைஸ் சேர்த்து கெட்டியாக்கச் சொல்ற குறிப்புகளை நம்பாதீங்க, சுவையே கெட்டுடும். ஃப்ரீசரும் கூடாது, உருகும்போது தயிர் திரிஞ்சு நிக்கும்.

இன்னொண்ணு: துருக்கியில் ஜாஜிக்னு ஒண்ணு உண்டு, பல சமயம் தண்ணி சேர்த்து சூப் மாதிரி குடிக்கிறது. ட்ஸாட்ஸிகின்னு பேர் போட்டு அந்த முறையைக் கொடுக்கிற குறிப்புகளும் இருக்கு. தயிரை வடிக்கவே சொல்லாத குறிப்பா இருந்தா தாண்டிப் போயிடுங்க.

வெண்டைப்பூ:
புரிஞ்சது, நன்றி. வடிஞ்ச தயிர்த் தண்ணி அரை லிட்டர் நிக்குமே, கொட்டத்தான் வேணுமா?

உரலும் உலக்கையும்:
கொட்டாதீங்க. பீட்டா ரொட்டி மாவு பிசைய தண்ணிக்குப் பதிலா ஊத்துங்க, ரொட்டி மிருதுவா வரும், லேசான புளிப்பும் சேரும். வெள்ளரியில் பிழிஞ்ச தண்ணியை மட்டும் அதோட கலக்காதீங்க, அதில் உப்பு அதிகம்.