சிறுநீர்க் கசிவுக்கு நாடா அறுவை சிகிச்சை செய்துகொண்ட சகோதரிகளின் அனுபவம் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 48, இரண்டுமே சுகப்பிரசவம். தும்மினாலோ தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாலோ சிறுநீர் கசிந்துவிடுவதால், ஆறு ஆண்டுகளாகப் பயணம் என்றாலே அடர்நிறப் புடவையாகத் தேடி எடுக்கிறேன். இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை நான்கு மாதங்கள் தவறாமல் செய்தும் போதிய பலனில்லாததால், சிறுநீர் வெளியேறும் குழாய்க்கு அடியில் பாலிபுரொப்பிலீன் வலைநாடாவைத் தாங்கலாக வைக்கும் அறுவை சிகிச்சையை மருத்துவர் பரிந்துரைத்திருக்கிறார்.

சிறு கீறல்களோடு முடிந்துவிடும் இம்முறையில் பெரும்பாலோர் நலமடைகிறார்கள் என்றாலும், நாடா பிறப்புறுப்புச் சுவரை அரித்து வெளித்தெரிவது, தீராத வலி போன்ற புகார்களால் 2018 ஜூலையில் இங்கிலாந்தில் இது நிறுத்திவைக்கப்பட்டதை அறிந்ததிலிருந்து தயங்குகிறேன். நாடாவை அடிவயிற்றின் வழியே கொண்டுவருவதா, தொடையிடுக்கின் வழியே கொண்டுவருவதா என்பதையும் என்னையே முடிவு செய்யச் சொல்கிறார் (எனக்கென்ன தெரியும்?). முன்னதில் சிறுநீர்ப்பையில் துளை விழும் வாய்ப்பும், பின்னதில் தொடை வலியும் சற்று அதிகமாம்.

நீங்கள் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தீர்கள், பிறகு சிறுநீர் கழிப்பதில் தடை ஏற்பட்டதா, எத்தனை வாரங்களில் பளு தூக்க முடிந்தது என்பதைத் தெரிவியுங்கள். செயற்கை வலைக்குப் பதிலாகத் தம் உடலிலிருந்தே எடுத்த திசுப்பட்டையை வைத்துக்கொண்டவர்கள் இருந்தால் அவசியம் எழுதுங்கள். பொதுவில் சொல்லக் கூச்சமாயிருந்தால் தனிச்செய்தி அனுப்பலாம்; அடுத்த புதன்கிழமை மருத்துவரிடம் பதில் சொல்ல வேண்டும்.