விளக்கப் போஸ்டருக்கு ஸ்கிரீன்ஷாட்: ட்ரெயினிங் மோடா, நிஜ மேட்ச்சா?

வண்ணை_வாத்தி (ஞாயிறு இரவு)

அடுத்த மாதம் தண்டையார்பேட்டையில் நாம் நடத்தும் சண்டை வீடியோ கேம் போட்டிக்கு ஐந்து விளக்கப் போஸ்டர் வேண்டும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-க்கு மூன்று, கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 2002-க்கு இரண்டு. தேதி, நேரம் சொல்லும் போஸ்டர் தனி. இவை ஆட வரும் பையன்களோடு கூட வரும் அம்மாவுக்கும் தங்கைக்கும் பக்கத்து வீட்டு அண்ணனுக்கும். ப்ளாக் (அடியைத் தடுப்பது) என்றால் என்ன, ப்ளாக் செய்துகொண்டே இருப்பவரை த்ரோ (பிடித்து எறிவது) ஏன் பிடித்துவிடுகிறது, டிரைவ் இம்பாக்ட் என்ற பலத்த அடி வந்தால் எதிராளிக்கு என்ன வழி என்பதெல்லாம் சுவரைப் பார்த்தே அவர்களுக்குப் புரிய வேண்டும்.

போன முறை ஸ்ட்ரீம் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் படம் எடுத்தோம். ஏ3 தாளில் வந்தபோது உயிர் அளவைக் காட்டும் லைஃப் பாரின் சிவப்பு, வியர்வையில் கரைந்த குங்குமம் போல ஓரத்தைத் தாண்டி வழிந்திருந்தது. யாரும் நின்று பார்க்கவில்லை.

இந்த முறை எல்லாப் படத்தையும் ட்ரெயினிங் மோடில், அதாவது கேமின் பயிற்சி அறையில், எடுக்கலாம் என்கிறேன். கட்டம் போட்ட அந்த வெளிர் அறைதான் பின்னணி. ஒருவருக்கு அடர் நிற உடை, மற்றவருக்கு வெளிர் நிறம். டம்மியின், அதாவது ஆட ஆளில்லாமல் நிற்கும் எதிராளியின், அசைவை ரெக்கார்ட் செய்துவிட்டால் ஒரே அடியை நூறு முறை வரவழைக்கலாம், சரியான ஃப்ரேம் (ஓடும் படத்தின் ஒரு தனிப் படம்) கிடைக்கும்வரை விட வேண்டாம். மாற்றுக் கருத்து இருந்தால் இப்போதே சொல்லுங்கள்.

ராயபுரம்_ரவுண்டு2

எனக்கு உடன்பாடில்லை அண்ணா. நான் குத்துச்சண்டைப் போஸ்டர் பார்த்து வளர்ந்தவன். எங்கள் தெருச் சுவரில் கையுறையோடு நிற்கும் ஆள், வளையத்துக்குள் நிஜமாக ஆடிய ஆள். மூட்டையைக் குத்தும் படத்தை யாரும் பெரிதாக அச்சடித்து ஒட்டியதில்லை. ட்ரெயினிங் ரூமில் எடுத்த படம் மூட்டையைக் குத்தும் படம்தான்.

போன போட்டி இறுதி ஆட்டத்தின் ரீப்ளே (கேமே சேமித்த பதிவு) நம்மிடம் இருக்கிறது. நம் பையன்கள் ஆடியது. கடைசி ரவுண்டில் இரண்டு பேருக்கும் லைஃப் நூல் அளவுதான். அந்த நேரத்தில் விழுந்த டிரைவ் இம்பாக்ட்டைப் போடுங்கள். அதைப் பார்த்தால்தான் இது என்ன விளையாட்டு என்று ஒருவர் கேட்பார். லைஃப் பார் முழுதாக இருக்க, டம்மி மரம் போல நிற்க, அதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

வண்ணை_வாத்தி

தம்பி, நீ சொல்வது ஆளைக் கூப்பிடும் போஸ்டர். நான் சொல்வது சொல்லிக்கொடுக்கும் போஸ்டர். அதே குத்துச்சண்டை கிளப்பில் மாஸ்டர், ஜாப் என்ற நேர்க்குத்தைச் சொல்லிக்கொடுக்கும்போது எப்படிக் காட்டுவார்? கையை நீட்டி, பாதியில் நிறுத்தி, தோள் எங்கே இருக்கிறது, தாடை எங்கே மறைந்திருக்கிறது என்று காட்டுவார். வேகமாக ஒரு குத்து விட்டுவிட்டு 'பார்த்தாயா' என்று கேட்க மாட்டார்.

டிரைவ் இம்பாக்ட் தொடங்கி அடியாக மாற 26 ஃப்ரேம். நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் அரை நொடிகூட இல்லை. அதற்குள் அந்த ஆள் எதிராளியின் இரண்டு அடி வரை வாங்கிக்கொண்டும் நிற்காமல் வருவார். ஆனால் த்ரோ போட்டால் பிடிபடுவார். இந்த இரண்டு விஷயமும் இரண்டு படத்தில் தெளிவாக வேண்டும். நீ சொல்லும் இறுதி ஆட்டத்தில் யாரும் அதைத் த்ரோவால் உடைக்கவில்லை. நடக்காததை ரீப்ளேயிலிருந்து எப்படி எடுப்பது?

மின்ட்_பிரஸ்காரன்

தங்கசாலைப் பக்கம் அச்சுக்கடையில் வேலை. எங்கே எடுத்தாலும் சரி, எப்படி எடுத்துக் கொடுக்கிறீர்கள் என்பதுதான் எனக்குக் கவலை.

ஏ3 தாளைக் கையில் பிடித்துப் படிக்கும் தரத்தில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அடிக்க வேண்டுமானால், 3508-க்கு 4961 புள்ளி வேண்டும். 1920 புள்ளி அகலமுள்ள படம் அந்தத் தரத்தில் ஆறரை அங்குலம்கூட வராது. 3840 புள்ளி என்றால் ஏறத்தாழ 13 அங்குலம், ஏ3-யின் அகலம் நிறைந்துவிடும். ஆகவே 4கே-யில், அதாவது அந்த 3840 புள்ளி அகலத்தில், எடுங்கள். மானிட்டர் 1080 ஆக இருந்தாலும் என்விடியா கார்டில் டிஎஸ்ஆர் என்ற வசதியைப் போட்டால் கேம் 4கே-யில் ஓடும். கணினி கொஞ்சம் திணறினால் என்ன, மேட்ச் ஆடப் போவதில்லையே.

கணினியில் கேம் ஓடும் ஸ்டீமில் எஃப்12 அழுத்தினால் வழக்கமாக வருவது சுருக்கிய ஜேபெக் படம். செட்டிங்ஸில் அமுக்காத நகலும் சேமி என்று ஒரு தேர்வு உண்டு, அதைப் போட்டால் எதுவும் இழக்காத பிஎன்ஜி கிடைக்கும். பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டிலும் ஸ்கிரீன்ஷாட் வடிவத்தைப் பிஎன்ஜி ஆக மாற்றலாம். ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டமாக வெட்டித்தான் சுருக்கும். உங்கள் பழைய போஸ்டரின் ஃபைல் இன்னும் கடையில் இருக்கிறது. 400 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தேன். டைமர் எண்ணைச் சுற்றி அந்தக் கட்டங்களை எண்ணவே முடிகிறது.

சிவப்பு வழிந்ததற்குக் காரணம் வேறு. ஸ்ட்ரீம் வீடியோவில் வெளிச்சம் ஒவ்வொரு புள்ளிக்கும் தனியாக இருக்கும், நிறம் நான்கு புள்ளிக்கு ஒன்றுதான். கண் ஓடும் படத்தில் அதைக் கவனிக்காது, நிற்கும் படத்தில் மெல்லிய சிவப்புக் கோட்டில் பல்லிளிக்கும். ஓபிஎஸ் என்ற திரைப்பதிவு மென்பொருளில் பதிவு செய்துதான் ஆக வேண்டுமென்றால் கலர் ஃபார்மட்டை என்வி12-லிருந்து, நிறத்தையும் ஒவ்வொரு புள்ளிக்கும் வைக்கும் ஐ444-க்கு மாற்றுங்கள்.

பெரம்பூர்_பேரி

நான் வாத்தி அண்ணா பக்கம். ஒரு விஷயம் மட்டும் சேர்க்கிறேன். மோஷன் ப்ளரை அணைத்துவிடுங்கள். நகரும் கை புகை மாதிரி வந்தால் 'வேகம்' தெரியும், கை தெரியாது.

அப்புறம், அடி பட்டதும் இரண்டு உருவமும் சில ஃப்ரேம் அப்படியே உறைந்து நிற்கும், ஹிட்ஸ்டாப். எல்லாரும் அதன் முதல் ஃப்ரேமில்தான் படம் எடுக்கிறார்கள். அப்போது தீப்பொறி மிகப் பெரிதாக இருக்கும், கை எங்கே பட்டது என்பதையே மறைத்துவிடும். உருவங்கள் உறைந்திருந்தாலும் பொறி அணைந்துகொண்டே போகும். அதனால் ஹிட்ஸ்டாப்பின் கடைசி ஃப்ரேமுக்குப் போங்கள். நிலை அதே, பொறி மெலிந்திருக்கும், முஷ்டி விலாவில் புதைந்திருப்பது தெரியும். என் லேப்டாப்பில் உட்கார்ந்து ஒரே அடியின் ஒன்பது ஃப்ரேமையும் வரிசையாக வைத்துப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

எண்ணூர்_ஏர்கிக்

எதற்கு இவ்வளவு பாடு? இப்போது ஏஐ அப்ஸ்கேலர் இருக்கிறது. பழைய ஸ்ட்ரீம் படத்தையே போட்டால் நான்கு மடங்கு பெரிதாக்கிக் கொடுக்கும். கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் படமும் வழவழவென்று வரும்.

பெரம்பூர்_பேரி

ஏர்கிக் ப்ரோ, தயவுசெய்து வேண்டாம். அது இல்லாததை வரைகிறது. நான் ஒரு முறை முயன்றேன், விரல் ஆறாகிவிட்டது. லைஃப் பாருக்குக் கீழே இருந்த பெயர் எந்த மொழியிலும் இல்லாத எழுத்தாகிவிட்டது. சொல்லிக்கொடுக்கும் படத்தில் பொய் இருக்கக் கூடாது.

கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 2002, நியோ ஜியோ என்ற பழைய கேம் இயந்திரத்தின் கேம். திரையே 320-க்கு 224 புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஓவியர் வைத்தது. அதை வழவழவென்று தேய்த்தால் முகமே போய்விடும். பழைய கேமைக் கணினியில் ஓட்டும் மேம் மென்பொருளில் எஃப்12 அழுத்தினால் அசல் அளவிலேயே பிஎன்ஜி கிடைக்கும். அதை, புள்ளிகளைக் கலக்காமல் அப்படியே பெருக்கும் நியரஸ்ட் நெய்பர் முறையில் சரியாகப் பத்து மடங்கு பெரிதாக்குங்கள், 3200-க்கு 2240. பிறகு அகலத்தை மட்டும் 2987-க்குக் குறுக்குங்கள். அந்தக் காலத் திரை 4:3, குறுக்காவிட்டால் எல்லாரும் கொஞ்சம் பருத்துத் தெரிவார்கள். 300 புள்ளிக் கணக்கில் பத்து அங்குலம் வரும். கட்டம் கட்டமாகத் தெரியும், ஆனால் ஒவ்வொரு கட்டமும் கத்தியால் வெட்டியது போல இருக்கும்.

இன்னொன்று, நிழல். அந்த இயந்திரத்தால் ஒன்றின் வழியாக இன்னொன்று தெரிவது போலக் காட்ட முடியாது. அதனால் நிழலை ஒரு ஃப்ரேம் விட்டு ஒரு ஃப்ரேம் வரைவார்கள், ஓடும்போது அரை இருட்டாகத் தெரியும். தப்பான ஃப்ரேமில் எடுத்தால் காலடியில் நிழலே இருக்காது, ஆள் அந்தரத்தில் தொங்குவார். மேமில் ஆட்டத்தை நிறுத்தி, ஒரு ஃப்ரேம் நகர்த்துங்கள், நிழல் வந்துவிடும்.

எண்ணூர்_ஏர்கிக்

நிழல் விஷயம் தெரியாது அக்கா. இத்தனை வருடம் ஆடியிருக்கிறேன், கவனித்ததே இல்லை. சரி, கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் இரண்டு போஸ்டருக்கும் படம் நானே எடுத்துத் தருகிறேன், அப்ஸ்கேலர் இல்லாமல்.

ராயபுரம்_ரவுண்டு2

தரத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறீர்கள். அதில் எனக்குச் சண்டை இல்லை. ரீப்ளேயும் 4கே-யில் ஓடும், அதையும் நிறுத்தி ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தலாம், பிஎன்ஜி எடுக்கலாம். என் கேள்வி அப்படியே நிற்கிறது. நம் வடசென்னைப் பையன்கள் ஆடிய ஆட்டத்தை ஏன் சுவரில் வைக்கக் கூடாது? அந்த இறுதி ஆட்டத்தில் தோற்றவன் மறுநாள் காலை மீன் ஏலத்துக்குக் காசிமேடு போனான். அவன் அம்மா இந்த முறை வருகிறார். மகன் என்ன செய்தான் என்று சுவரில் பார்க்கட்டும்.

வண்ணை_வாத்தி (செவ்வாய் மாலை)

ரவுண்டு தம்பி சொன்னதை இரண்டு நாளாக யோசித்தேன். அந்த அம்மா எங்கள் தெருவுக்கு அடுத்த தெருதான். டிரைவ் இம்பாக்ட் படத்தை இரண்டு விதமாகவும் எடுத்து, ஏ4-இல் ப்ரூஃப் போட்டு நேரில் கொண்டுபோய்க் காட்டினேன். முதலில் அந்த இறுதி ஆட்ட ரீப்ளேயில் எடுத்தது. அவர் நெடுநேரம் பார்த்தார். சாயம் தெறித்த மாதிரி திரை முழுக்க நிறம், பின்னால் கூட்டம், விளக்கு. 'இதில் அடிக்கிறது யாருப்பா?' என்று கேட்டார். ட்ரெயினிங் ரூம் படத்தைக் காட்டினேன். கேட்காமலே விரல் வைத்து, 'இவன் முஷ்டி முன்னால வருது, அவன் ப்ளாக் பண்ணாம கையை நீட்டிட்டான்' என்றார். ப்ளாக் என்ற சொல் மகனிடம் கேட்டது.

அதன் பிறகு முதல் படத்தை மறுபடி கையில் எடுத்து, 'இதுல என் பையன் எது?' என்று கேட்டார். காட்டினேன். அதைத்தான் வைத்துக்கொண்டார். மற்றதைத் திருப்பிக் கொடுத்தார்.

ராயபுரம்_ரவுண்டு2

அதைத்தான் அண்ணா நான் சொல்கிறேன்.

வண்ணை_வாத்தி

தெரிகிறது. ஆனாலும் மூன்று போஸ்டரிலும் விளக்கும் படங்கள் ட்ரெயினிங் மோடில்தான், அதை மாற்ற மாட்டேன். டிரைவ் இம்பாக்ட் போஸ்டரின் மேல் பாதியை உனக்குத் தருகிறேன். இறுதி ஆட்டத்துப் படம் பெரிதாக, அதில் எழுத்தே வேண்டாம். கீழே அதே அடி நான்கு சிறு படமாக, ஃப்ரேம் எண்ணோடு. லைஃப் பார் மேலே மட்டும் இருக்கட்டும், அங்கேதான் அதற்கு அர்த்தம். கீழே எடுத்துவிடுகிறேன், கண் கைகளுக்குப் போகட்டும்.

பெரம்பூர்_பேரி

கீழே, டிரைவ் இம்பாக்ட்டுக்குச் செலவாகும் சக்தியைக் காட்டும் டிரைவ் பாரையாவது வையுங்கள். ஆறு கட்டத்தில் எத்தனை செலவாகிறது என்பதுதானே பாதி விளக்கம்.

ராயபுரம்_ரவுண்டு2

நான்கு சிறு படமும் அதே ரீப்ளேயிலிருந்து எடுத்தால் மேலும் கீழும் ஒன்றாக இருக்கும். இதில் நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் மேல் படம் எடுத்துத் தருகிறேன்.

மின்ட்_பிரஸ்காரன்

அந்த ஊதாவும் நீலமும் திரையில் மின்னுவது போல அச்சில் வராது. அச்சு மையின் நான்கு நிறமான சிஎம்ஒய்கே-க்கு மாற்றினால் மங்கும். முதலில் ஒரு தாள் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் மீதி. புதன் இரவுக்குள் பென் டிரைவில் கொண்டுவாருங்கள், வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்ப வேண்டாம், அது சுருக்கிவிடும். வழியே இல்லையென்றால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

ராயபுரம்_ரவுண்டு2

நாளை ஏழு மணிக்கு நானே கடைக்கு வருகிறேன். இறுதி ஆட்டம், மூன்றாவது ரவுண்டு, டைமரில் 14. எடுத்துவிட்டேன். அவன் முகம் தெளிவாக இருக்கிறது.