ஆர்ஓ தண்ணிய பிரஷர் டேங்க்ல தேக்கி வச்சு குடிக்கலாமா?

வேளச்சேரி_மூணாவது_மாடி:
எங்க ஃப்ளாட்ல போர் தண்ணிதான், டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்கிற உப்போட அளவு) 1200 கிட்ட வருது. இப்ப இருக்கிறது சுவத்துல மாட்டுற ஆர்ஓ. போன ஞாயித்துக்கிழமை அதுல தண்ணி தேங்குற டேங்கோட மூடிய கழட்டி உள்ள கைய விட்டேன், ஓரமெல்லாம் கோந்து தடவுன மாதிரி வழவழன்னு இருக்கு, இதையா குழந்தைக்கு குடுத்துட்டு இருந்தோம்னு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. சிங்க்குக்கு கீழ வைக்கிற மாடலுக்கு மாறிடலாம்னு பாக்குறேன், அதுல பிரஷர் டேங்க், அதாவது மூடுன இரும்பு டேங்க், உள்ள ரப்பர் பை, வெளிக்காத்தே படாது. யாராச்சும் வச்சிருக்கீங்களா?

குரோம்பேட்டை_அக்கா:
மாத்தாதீங்க தம்பி. கைய விட முடிஞ்சதாலதான அந்த வழவழப்பு உங்களுக்கு தெரிஞ்சுது, பிரஷர் டேங்க்ல கைய எங்க விடுவீங்க? எங்க வீட்ல நாலு வருஷம் இருந்துச்சு. ஊருக்குப் போய் பத்து நாள் கழிச்சு வந்து குழாய திறந்தா மொத டம்ளர்லயே சைக்கிள் ட்யூப் வாசனை. கிருமிய கொல்ற யூவி லைட் டேங்குக்கு முன்னாடி இருக்கு, அதத் தாண்டி உள்ள போய் நிக்கிற தண்ணிக்கு என்ன காவல்? இப்பல்லாம் அன்னன்னைக்கு எவர்சில்வர் குடத்துல புடிச்சுக்கிறேன், காலைல மிச்சத்த கொட்டிட்டு தேய்ச்சு கவுத்துடுவேன்.

ஆர்ஓ_சர்வீஸ்காரன்:
அக்கா, டேங்குக்கு அப்புறம் ஒரு சின்ன கார்பன் ஃபில்டர் வரும், ரப்பர் வாசனைய எடுக்கவே அத வைக்கிறது. அது பழசாயிருந்தா வாசனை வரத்தான் செய்யும். ஊர்லருந்து வந்தா டேங்க முழுசா ஒரு தடவ காலி பண்ணிட்டுதான் குடிக்கணும்.

சார், வாங்குறதுக்கு முன்னாடி இத தெரிஞ்சுக்கங்க. 12 லிட்டர்னு சொல்லி விப்பாங்க, தண்ணி நிக்கிறது 8 லிட்டர் கிட்டதான், மிச்சம் ரப்பர் பைக்கு வெளிய அடைச்ச காத்து, அதுதான் தண்ணிய குழாய்க்கு தள்ளும். டேங்க் காலியா இருக்கப்ப காத்தோட அழுத்தம் 7 பிஎஸ்ஐ (டயர் காத்து அளக்குற அதே கணக்கு) இருக்கணும், சைக்கிள் பம்பும் கேஜும் போதும். தூக்குனா கனமா இருக்கு ஆனா குழாய்ல ஒரு டம்ளரோட சொட்ட ஆரம்பிக்குதுன்னா காத்து இறங்கிடுச்சுன்னு அர்த்தம். காத்து வால்வுக்குள்ள இருக்கிற ஊசிய அமுக்குனா தண்ணி பீச்சுதா, உள்ள ரப்பர் கிழிஞ்சுடுச்சு, டேங்கயே மாத்துங்க.

குரோம்பேட்டை_அக்கா:
அந்த கார்பன்லயே கிருமி குடியிருக்கும்ல தம்பி? அத யாரு நேரத்துக்கு மாத்துறா? எங்களுக்கு சர்வீஸுக்கு வந்தவர் நாலு வருஷத்துல ஒரு தடவகூட அந்த டேங்க தொட்டதில்ல, ஃபில்டர மட்டும் மாத்திட்டு கையெழுத்து வாங்கிட்டு போயிடுவார்.

ஆர்ஓ_சர்வீஸ்காரன்:
அது உண்மைதான் அக்கா, எங்க ஆளுங்க தப்பு. வருஷத்துக்கு ஒருக்கா, உப்ப வடிகட்டுற மெம்பிரேனையும் கார்பனையும் வெளிய எடுத்துட்டு, வாசனை இல்லாத பிளீச்சிங் திரவம் கொஞ்சம் விட்டு டேங்க நிரப்பி, ஊற வச்சு, வாசனை போற வரைக்கும் மூணு நாலு தடவ வடிக்கணும். அரை நாள் வேலை, அதான் யாரும் செய்யறதில்ல.

பெருங்குடி_பொறியாளர்:
ஆர்ஓ சாக்கடைக்குத் தள்ளுற வேஸ்ட் தண்ணி பத்தி யாருமே பேசலையே. டேங்க் நிரம்ப நிரம்ப மெம்பிரேன பின்னாடி தள்ளும். பம்ப் 70 பிஎஸ்ஐ குடுக்குதுன்னு வைங்க, 1200 டிடிஎஸ்ஸுக்கு உப்போட எதிர் அழுத்தம் ஒரு 12 போயிடும், டேங்க் காலியா இருந்தா 7 போக 51 மிஞ்சும், அதே டேங்க் 35க்கு ஏறுனா வெறும் 23. நல்ல தண்ணி பாதிக்கும் கீழ குறையும், சாக்கடைக்குப் போறது அப்படியே போகும், டிடிஎஸ்ஸும் ஏறும். அரை டம்ளர் அரை டம்ளரா புடிச்சா டேங்க் எப்பவும் நிரம்புன நிலைலயே இருக்கும், அதுதான் இருக்கிறதுலயே மோசம். கோடைல லாரி தண்ணிக்கு காத்துக் கிடக்கிற ஊர்ல இது சின்ன விஷயமா?

வேளச்சேரி_மூணாவது_மாடி:
இந்த கணக்கு எனக்கு யாரும் சொல்லல சார், கடைக்காரர் உட்பட. இப்போதைக்கு பழைய மெஷினையே வச்சுக்கிறேன், இன்னைக்கு டேங்க கழட்டி பிரஷ் போட்டு தேய்ச்சாச்சு, மூலைல இருந்து வந்த அழுக்கு ஒரு ஸ்பூன் இருக்கும். அக்கா, குடத்துக்கு மூடி போட்டு குழாய் வச்சது கிடைக்குமா? குழந்தை கைய விட்டுடறான்.

குரோம்பேட்டை_அக்கா:
பாத்திரக்கடைல கேளுங்க தம்பி, 10 லிட்டர்லயே இருக்கு. குழாயோட வாஷர மட்டும் கழட்டி கழுவுங்க, அதுக்கு அடியிலதான் அந்த வழவழப்பு மொதல்ல வரும்.

ஆர்ஓ_சர்வீஸ்காரன்:
நான் இன்னும் பிரஷர் டேங்க் பக்கம்தான். ஆனா வருஷா வருஷம் கழுவ ஆள் இல்லன்னா அக்கா சொல்றத கேளுங்க சார்.