நான்கு மாதமாக மாறிப்போன மலப்போக்கு: அப்பாவுக்கு எந்தப் பரிசோதனையிலிருந்து தொடங்க வேண்டும்?

மலையோர மகள், குலசேகரம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 57 வயது ஆகிறது. முப்பது ஆண்டுகளாக ரப்பர் பால்வெட்டுத் தொழில் செய்துவருகிறார். ஓணம் கழிந்ததிலிருந்து, ஏறக்குறைய நான்கு மாதமாக, அவருடைய மலப்போக்கு முற்றிலும் மாறிவிட்டது. முன்பெல்லாம் விடியற்காலையில் வெட்டுக்குக் கிளம்பும் முன் ஒரே தடவை போய் வருவார். இப்போது வீட்டில் இரண்டு தடவை போன பிறகும், மரத்துக்கு மரம் வெட்டிக்கொண்டு போகும்போது இடையில் கத்தியை வைத்துவிட்டு ஓடையோரம் ஒதுங்குகிறார் என்று உடன் வேலை செய்பவர் சொன்னார். போன பிறகும் வயிறு காலியானது போலத் தோன்றவில்லை என்கிறார். சில நாட்களில் சளியோடு சேர்ந்து கருஞ்சிவப்பாக இரத்தமும் போகிறது.

மெலிந்துவிட்டதை அவர் ஒப்புக்கொள்வதே இல்லை. ஆனால் சென்ற வாரம் துணி துவைக்கும்போது அவருடைய பச்சை பெல்ட்டைப் பார்த்தேன். பழைய துளைகளைத் தாண்டி உட்புறமாக, ஆணியைச் சுட வைத்துக் குத்திய இரண்டு புதிய துளைகள் இருந்தன.

அருகிலுள்ள ஒரு மருத்துவரிடம் போனபோது அப்பாவே "மூலம்தான்" என்று சொல்லியிருக்கிறார். அவரும் தொட்டுப் பார்க்காமல் மாத்திரையும் களிம்பும் எழுதிக் கொடுத்துவிட்டார். என் பெரியப்பா, அதாவது அப்பாவின் உடன்பிறந்த அண்ணன், 60 வயதில் பெருங்குடல் புற்றுநோய் கண்டறியப்பட்டு, திருவனந்தபுரத்தில் சிகிச்சை பெற்றும் இறந்துபோனார். ஆகையால் எனக்கு உறக்கமே வருவதில்லை. ஒரு ஆய்வகத்தில் சலுகை விலையில் முழு உடல் பரிசோதனை செய்கிறார்கள். அதில் மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைக் காணும் பரிசோதனையும் உண்டு. முதலில் அதைச் செய்து பார்த்தால் போதுமா? ஆசனவாய் வழியே கேமராக் குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி என்ற பேச்சை எடுத்தாலே அப்பா எழுந்து போய்விடுகிறார்.

ஓய்வுபெற்ற செவிலியர், தக்கலை

மகளே, இப்படிக் குழாய் விட்டு உள்ளுறுப்புகளைப் பார்க்கும் எண்டோஸ்கோபிப் பிரிவில் பல ஆண்டுகள் பணிபுரிந்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நீங்கள் கேட்டிருக்கும் ஆய்வகப் பரிசோதனை, எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களிடம் நோயை முன்கூட்டியே தேடுவதற்கானது. அமெரிக்காவில் 2021-ஆம் ஆண்டிலிருந்து 45 வயதானவர்களுக்கே அத்தகைய பரிசோதனையைப் பரிந்துரைக்கிறார்கள். நம் நாட்டில் 30 வயதைத் தாண்டியவர்களுக்கான அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகியவற்றைப் பார்க்கிறதே தவிர, குடலைப் பார்ப்பதில்லை. அதனால் இதற்காக யாரும் வீடு தேடி வர மாட்டார்கள். உங்கள் அப்பாவுக்கோ இரத்தம் கண்ணுக்கே தெரிகிறது, உடல் மெலிந்திருக்கிறது, மலப்போக்கு மாதக்கணக்கில் மாறியிருக்கிறது. அவருக்கு நேராகக் காரணத்தைக் கண்டறியும் பரிசோதனைதான் வேண்டும். குடலில் கட்டி இருந்தாலும் அது எல்லா நாளும் கசிவதில்லை. கசியாத நாளில் எடுத்த மலத்தில் "இரத்தம் இல்லை" என்று தாள் வந்துவிட்டால், ஏற்கெனவே மறுக்கும் உங்கள் அப்பாவுக்கு அதுவே சாக்காகிவிடும். முழு உடல் பரிசோதனையில் சேர்க்கப்படும் சி.இ.ஏ. என்ற, புற்றுநோய்க்கான அடையாளப் புரதத்தை அளக்கும் இரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். அதன் அளவு சரியாக இருப்பதை வைத்துப் புற்றுநோய் இல்லை என்று சொல்ல முடியாது.

உடன்பிறந்தவருக்கு இந்த நோய் வந்திருந்தால், எந்த அறிகுறியும் இல்லாதவர்கூட 40 வயதிலோ, உறவினருக்கு நோய் கண்டறியப்பட்ட வயதுக்குப் பத்து ஆண்டு முன்போ, எது முந்தியதோ அப்போதே கொலோனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டுதல். இந்த உறவு விவரத்தை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். "மூலம்" என்ற சொல்லை நீங்களாக எடுத்துக் கொடுக்காதீர்கள். எத்தனை மாதம், ஒரு நாளில் எத்தனை தடவை, இரத்தத்தின் நிறம், எடை எவ்வளவு குறைந்தது என்பதை மட்டும் சொல்லுங்கள். அந்த பெல்ட்டைக் கையோடு எடுத்துச் சென்று காட்டினாலும் தவறில்லை.

முதல் நாளே ஆசனவாயில் விரல் விட்டுப் பார்க்கும் பரிசோதனையைச் செய்யச் சொல்லுங்கள். அரை நிமிட வேலைதான். மலக்குடலின் கீழ்ப்பகுதியில் உள்ள கட்டிகளில் பலவற்றை விரலாலேயே உணர முடியும். வெட்கப்பட்டு நோயாளியும், நேரமில்லை என்று மருத்துவரும் அதைத் தவிர்த்ததால் மாதங்கள் வீணானதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். இன்றும் அது நெஞ்சில் உறுத்துகிறது.

ஹீமோகுளோபினும் பார்க்க வேண்டும். ஆண்களுக்கு 13-க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. தோட்டங்களில் செருப்பில்லாமல் நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழுவாலும் இரத்தம் குறையும் என்பது உண்மை. ஆனால் பூச்சி மருந்தோடு நின்றுவிடாதீர்கள். குடல் காசநோய், அமீபா, குடல் புண் ஆகியவையும் இதே அறிகுறிகளைக் காட்டும். எது என்பதை உள்ளே பார்த்து, சிறிது சதை எடுத்துச் சோதித்தால்தான் சொல்ல முடியும்.

வைத்தியக் குடும்பத்தவர், திருவட்டாறு

துத்தி இலையை வதக்கிக் கொடுத்து, கருணைக்கிழங்கும் சேர்த்து ஒரு மண்டலம் பார்க்கலாமே. எங்கள் வீட்டில் பலருக்கும் மூலம் அதில் அடங்கியிருக்கிறது.

குளச்சல்காரன்

ஐயா, மூலம் என்று உறுதியானவர்களுக்கு உங்கள் மருந்து உதவட்டும். உறுதியாகாதவருக்கு 48 நாள் என்பது நீண்ட காலம். எனக்கு 49 வயதில் இதே தொல்லை வந்தபோது, ஒரு மருத்துவமனையில் எட்டு மாதம் மூலக் களிம்பு மட்டுமே கொடுத்தார்கள். பிறகு வேறொருவர் கொலோனோஸ்கோபி செய்து, பெருங்குடலின் உட்சுவரில் முளைத்திருந்த பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சிகள் இரண்டை அப்போதே அகற்றினார். பாலிப் புற்றாக மாறப் பெரும்பாலும் பத்தாண்டு அளவு ஆகும் என்றும், நான் வந்தது நல்ல வேளை என்றும் சொன்னார்.

தங்கை, அப்பாவுக்கு வலியைவிட வெட்கம்தான் பெரிதாக இருக்கும். எனக்கும் அப்படியே இருந்தது. பின்பக்கம் திறந்த அங்கி ஒன்றைக் கொடுத்து, இடப்பக்கமாகச் சாய்ந்து படுக்கச் சொன்னார்கள். மயக்க ஊசி போட்டார்கள். கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. உண்மையான பாடு முந்தின நாள்தான். இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே கீரை, விதையுள்ள பழம், மரச்சீனி எதுவும் வேண்டாம் என்றார்கள். முந்தின நாள் இளநீரும் பாலில்லாத தேநீரும் மட்டும். மாலையில் பேதிப் பொடியைக் கரைத்து, கால் மணிக்கு ஒரு தம்ளர் வீதம் குடிக்க வேண்டும். உப்புக் கரிக்கும், குளிரவைத்துக் குடித்தால் இறங்கும். கடைசியில் தெளிந்த மஞ்சள் நீராகப் போனால்தான் குடல் சுத்தமானதாகப் பொருள். இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சர்க்கரை மாத்திரையோ இரத்தம் உறையாமைக்கான மாத்திரையோ எடுப்பவரானால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அன்று அவர் வண்டி ஓட்டக் கூடாது. துணைக்கு மகளைவிட மருமகனோ கூட்டாளியோ போனால் அப்பாவுக்குக் கூச்சம் குறையும்.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவைசிகிச்சைப் பிரிவு ஓபி சீட்டு எடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, குடும்ப அட்டை, ஆதார் மூன்றையும் எடுத்துச் சென்று, அங்குள்ள காப்பீட்டுப் பிரிவிலும் விசாரியுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அத்திட்டத்தில் உண்டு.

மலையோர மகள், குலசேகரம்

அக்கா, அண்ணன், இருவருக்கும் நன்றி. இரவு உணவுக்குப் பிறகு பெல்ட்டை அப்பாவின் முன் வைத்தேன். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணனும் இப்படித்தான் ஒரு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை" என்றார். மறுநாள் வெட்டுக்குப் போகாமல் என் கணவரோடு ஆசாரிபள்ளம் போனார். விரல் பரிசோதனையில் ஏதோ தட்டுப்படுகிறது என்றார்களாம். ஹீமோகுளோபின் 9.2 இருக்கிறது. வரும் வியாழக்கிழமை கொலோனோஸ்கோபிக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர், தக்கலை

நல்ல காரியம் செய்தீர்கள், மகளே. பெரியப்பாவின் சிகிச்சைக் கோப்பு அவர் வீட்டில் இருந்தால் வியாழக்கிழமைக்குள் வாங்கி, மருமகன் கையில் கொடுத்து அனுப்புங்கள். அவருக்குக் குடலின் எந்தப் பகுதியில், என்ன வகையாக வந்தது என்பது அதில் இருக்கும். சதை எடுத்தால் முடிவு வரச் சில நாள் ஆகும். எந்தத் தேதியில், எந்த அறையில் வாங்க வேண்டும் என்பதை அன்றே சீட்டின் பின்புறம் எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.