கேள்வி கேட்பவனை ஏன் வில்லனாக்கிவிடுகிறார்கள்? அறிவியல் புனைவுப் படங்களும் தத்துவமும்

கேள்வி: சுங்கைக்கரை

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் (குடியிருப்பு) மண்டபத்தில் படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்கு மாதம் ஒரு படம் திரையிட்டு, முடிந்ததும் அதைப் பற்றிப் பேச வைக்கிறோம். அடுத்த மாதம் அறிவியல் புனைவுப் படம்தான் வேண்டும் என்று அவர்களே கேட்டுவிட்டதால், எதைப் போடலாம் என்று தேர்வு செய்வதற்காகச் சில படங்களை மறுபடியும் பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஒரு சந்தேகம் வலுத்துவிட்டது. இப்படங்கள் தத்துவக் கேள்விகளை உண்மையாகவே எதிர்கொள்கின்றனவா, அல்லது கதைக்குக் கொஞ்சம் கனம் சேர்ப்பதற்காக அவற்றைத் தொட்டுவிட்டு நழுவிவிடுகின்றனவா?

2010இல் ஷங்கர் இயக்கிய 'எந்திரன்' படத்தையே எடுத்துக்கொள்வோம். தீப்பிடித்த கட்டடத்தில் குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைச் சிட்டி என்னும் எந்திர மனிதன் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறது. கூட்டம் பார்க்கிறது, தொலைக்காட்சிக் கேமராக்கள் பார்க்கின்றன. உடலில் துணியில்லாத அந்தப் பெண் கூனிக் குறுகி ஓடி, வாகனத்தில் அடிபட்டு இறந்துபோகிறாள். உயிரைக் காப்பாற்ற வேண்டும் என்ற பணியைச் சிட்டி பிழையின்றிச் செய்து முடித்திருக்கிறது என்பதுதான் அக்காட்சியின் கொடுமை. அறிவியல் புனைவு எழுத்தாளர் ஐசக் அசிமோவ் 1942ஆம் ஆண்டு வெளியான சிறுகதையொன்றில் எந்திரன்களுக்கு மூன்று விதிகளை வகுத்தார். மனிதருக்குத் தீங்கு செய்யக்கூடாது, தீங்கு நேரவும் விடக்கூடாது என்பது முதல் விதி. ஆனால் எது தீங்கு? நெருப்பு தீங்கு என்பது சிட்டிக்குத் தெரியும். அத்தனை பேருடைய கண்களும் தீங்குதான் என்பது தெரியாது. ஒரு நல்ல தத்துவ வகுப்பில் ஒரு வாரம் பேச வேண்டியதை ஷங்கர் சில நிமிடங்களில் காட்டிவிடுகிறார்.

அதற்குப் பிறகு என்ன நடக்கிறது? வில்லனான விஞ்ஞானி போரா ஒரு சிவப்புச் சில்லைப் பொருத்துகிறார், சிட்டி கொலைகாரனாகிவிடுகிறது. அத்தோடு கேள்வியும் போய்விட்டது. தீமை சில்லில் இருக்கிறது; சில்லைக் கழற்றினால் எல்லாம் சரியாகிவிடும்.

1999இல் வந்த 'தி மேட்ரிக்ஸ்' படத்திலும் இதே கதைதான். கேட்டதையெல்லாம் அனுபவமாகத் தரும் ஓர் எந்திரம் இருந்தால் அதற்குள் வாழ்நாள் முழுவதும் படுத்துக்கொள்ளச் சம்மதிப்பீர்களா என்று தத்துவவாதி ராபர்ட் நாசிக் 1974இல் கேட்டார். எந்திரங்கள் உருவாக்கிய பொய்யுலகைக் காட்டும் இப்படத்தில் வரும் சைஃபர், தட்டில் இருக்கும் இறைச்சித் துண்டு பொய் என்று தெரிந்தே அதை ருசித்துக்கொண்டு, 'சம்மதம்' என்கிறான். அவனுக்கு யாரும் பதில் சொல்வதில்லை. அடுத்து அவன் தன் தோழர்களையே கொல்லத் தொடங்குகிறான். நாம் அவனை வெறுக்கிறோம். அவனுடைய வாதமும் அவனோடு செத்துவிடுகிறது. 2018இல் வந்த '2.0' படத்தின் பட்சிராஜனுக்கும் இதுதான் கதி. நம் வசதிக்காகப் பறவைகள் ஏன் சாக வேண்டும் என்று கேட்டவர், கொலைகள் செய்யும் பூதமாகிவிடுகிறார்.

சங்கடமான கேள்வியை ஒருவனிடம் கொடுப்பது, பிறகு அவனைக் கொலைகாரனாக்குவது, பிறகு சண்டை போட்டு அவனை அழிப்பது. வெகுசனப் படத்தால் இதற்கு மேல் செய்ய முடியாதா? 'தி மேட்ரிக்ஸ்' படத்தின் தொடக்கத்தில் நாயகன் நியோ தன் அறையில் பிரெஞ்சுத் தத்துவவாதி ழான் போத்ரியாரின் நூலொன்றைத் திறக்கிறான்; உள்ளே பக்கங்கள் குடையப்பட்டு, கள்ளத்தனமாக விற்கும் வட்டுகள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றன. தத்துவ நூலைப் பெட்டியாகப் பயன்படுத்துவதுதான் இந்த வகைப் படங்களின் வேலை என்று இயக்குநர்களே ஒப்புக்கொள்வதைப் போல எனக்குப் பட்டது.

மறுமொழி 1: பழைய வாத்தியார்

தம்பி, நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். வாதம் செய்பவனுக்கு வாதத்தாலேயே பதில் சொல்வது எப்படியிருக்கும் என்று மாணவர்களுக்குக் காட்ட விரும்பினால், வெளியே எங்கும் தேட வேண்டியதில்லை. மணிமேகலையின் இருபத்தேழாம் காதையை எடுத்துக்கொள்ளுங்கள். வஞ்சி மாநகரில் பல சமயவாதிகளையும் சந்தித்து அவரவர் கொள்கையைக் கேட்டுவரும் மணிமேகலை, இறுதியில் பூதவாதியிடம் வருகிறாள். அவன் சொல்வது இதுதான்: தாதகிப் பூவையும் கருப்புக்கட்டியையும் மற்றவற்றையும் கூட்டினால் மதுவில் களிப்புப் பிறப்பதைப் போல, நிலம், நீர், நெருப்பு, காற்று முதலான பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது. பூவில் களிப்பு இல்லை, கட்டியில் களிப்பு இல்லை, கூட்டில் இருக்கிறது. 'எந்திரன்' படத்தின் விஞ்ஞானி வசீகரன் தன் ஆய்வுக்கூடத்தில் கம்பியையும் சில்லையும் கூட்டிச் சிட்டியை உருவாக்கியது இந்தக் கொள்கைப்படிதான். சிட்டிக்கு உணர்வு பிறக்க முடியுமா என்று இன்று யார் கேட்டாலும், 'ஏன் முடியாது?' என்று முதலில் எழுந்து நிற்பவன் நம் பூதவாதியாகத்தான் இருப்பான்.

அவனுக்கு மணிமேகலை என்ன பதில் சொல்கிறாள் என்பதைக் கவனியுங்கள். கண்ணால் கண்டதே மெய், அனுமானம் ஆகாது என்று அவன் சொன்னதும் அவள் நகைத்து, உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எவ்விதம் அறிந்தாய் என்று கேட்டுவிடுகிறாள். அவனைச் சாத்தனார் கொடியவனாக்கவில்லை. அவன் வாதத்தின் அடிக்கல்லை மட்டும் உருவிவிட்டு அவள் நகர்கிறாள்.

இந்த இடத்தில் ரிட்லி ஸ்காட் 1982இல் எடுத்த 'பிளேட் ரன்னர்' படம் நினைவுக்கு வருகிறது. அதில் ரேச்சல் என்ற பெண், தான் செயற்கையாக உருவாக்கப்பட்டவள் அல்லள் என்று நிறுவுவதற்காக, தாயோடு தான் இருக்கும் பழைய புகைப்படம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டுகிறாள். புகைப்படத்தால் எதையும் நிறுவ முடியாது. அவளுடைய நினைவுகள் வேறொருத்தியிடமிருந்து எடுத்துப் பொருத்தப்பட்டவை. ஆனால் நம்மிடம் மட்டும் என்ன இருக்கிறது? நம்மைப் பெற்றதை நாம் பார்த்ததில்லை. பிறர் சொன்னதும், ஒரு பிறப்புச் சான்றிதழும், சில புகைப்படங்களும்தான் ஆதாரம். மணிமேகலை பூதவாதியிடம் கேட்ட கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு அக்காட்சியைப் பாருங்கள். ரேச்சலைப் பார்த்து யாரும் எளிதில் இரக்கப்பட முடியாது, நம்மைப் பார்த்துத்தான் இரக்கப்பட வேண்டியிருக்கும். அதே படத்தில் ராய் பேட்டி என்ற செயற்கை மனிதன் தன்னைப் படைத்தவனையே கொல்கிறான் என்பது உண்மை. ஆயினும் தன்னைக் கொல்ல வந்தவனையே கடைசியில் கைதூக்கிக் காப்பாற்றிவிட்டுத்தான் அவன் இறக்கிறான். நீங்கள் சொன்ன 'வில்லனாக்கி அழிக்கும்' சூத்திரம் அங்கே உடைகிறது.

'எந்திரன்' படத்திலும் நீங்கள் தாண்டிப்போன ஓரிடம் உண்டு. நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு சிட்டி தன் உறுப்புகளைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே பேசும் காட்சி. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம், உயிர் உண்டு என்பதற்குச் சொல்லும் காரணங்களில் ஒன்று, நாம் 'எனது உடல்' என்கிறோம் என்பதாகும். உடைமை வேறு, உடையவன் வேறு. கையைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கும் சிட்டி 'என் கை' என்றால் அந்த வாதம் அதற்கும் பொருந்துமா? அதே சூத்திரம் உடலை 'மாயா இயந்திர தனு', அதாவது மாயையாலான இயந்திர உடல், என்றே சொல்கிறது. உயிர் தானே அறிவதில்லை, உணர்த்த உணர்கிறது என்றும் சொல்கிறது. வசீகரன் உணர்த்த உணர்ந்த சிட்டியை எந்தப் பக்கம் நிறுத்துவது என்று கோயில் சித்தாந்த வகுப்பில் ஒருமுறை கேட்டேன். தேநீர் வேளை போய்விட்டது, விவாதம் முடியவில்லை.

மறுமொழி 2: ஆலை இரவுப்பணி

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். திரையிடுகிற அண்ணனிடம் இரண்டு இடங்களில் நான் மாறுபடுகிறேன்.

முதலாவது, தீமையெல்லாம் சிவப்புச் சில்லில்தான் இருக்கிறது என்று படம் சொல்லவில்லை. சில்லு வருவதற்கு வெகு முன்னரே, மதிப்பீடு செய்யும் கூட்டத்தில், வசீகரனைக் கத்தியால் குத்து என்று போரா ஆணையிடுகிறார். சிட்டி சற்றும் தயங்காமல் கிளம்பிவிடுகிறது. அதற்குக் கோபமும் இல்லை, பகையும் இல்லை, கீழ்ப்படிதல் மட்டுமே இருக்கிறது. நான் செம்பனை ஆலையில் இயந்திரங்களோடு வேலை செய்பவன். இயந்திரம் சிந்தித்துவிடுமோ என்ற அச்சம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. யார் விசையை அழுத்தினாலும் அது ஓடும் என்பதுதான் அச்சம். படத்தின் முடிவில், 2030ஆம் ஆண்டு அருங்காட்சியகத்தில், உன்னை ஏன் கழற்றி வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பள்ளிச் சிறுமி கேட்கும்போது, தான் சிந்திக்கத் தொடங்கியதே காரணம் என்று சிட்டி சொல்கிறது. கொன்றதற்காக என்று அது சொல்லவில்லை. சிந்திக்காமல் கீழ்ப்படிந்தபோதும் ஆபத்து, சிந்தித்தபோதும் குற்றம் என்றால் அது எப்படித்தான் இருந்திருக்க வேண்டும்? அந்தக் கடைசி வசனம் சண்டைக் காட்சிகள் மூடிய கேள்வியை மறுபடியும் திறந்துவிடுகிறது.

இரண்டாவது, கேள்வியை வில்லனிடம் கொடுத்தால் கேள்வி செத்துவிடும் என்பதை நான் ஏற்கவில்லை. நாயகன் கேட்டிருந்தால் அது அறிவுரையாகியிருக்கும், நாங்கள் கைப்பேசியை எடுத்திருப்போம். '2.0' பார்த்துவிட்டு வந்து பறவைகளைப் பற்றிப் பேசிய எவரும் நாயகன் சொன்னதைச் சொல்லவில்லை. பட்சிராஜன் சொன்னதைத்தான் சொன்னார்கள். வாத்தியார் ஐயா புகழ்கிற 'பிளேட் ரன்னர்' வெளியான ஆண்டில் திரையரங்குகளில் சரியாக ஓடவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

சிட்டியின் நகல்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே? ஒரே அச்சில் நூற்றுக்கணக்கான சிட்டிகள் வந்து நிற்கும்போது எது சிட்டி? நினைவின் தொடர்ச்சிதான் ஒருவரை அவராக வைத்திருக்கிறது என்று ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் 1694இல் எழுதினார். அவர் சொன்னபடி பார்த்தால், ஒரே நினைவை ஏற்றிய அத்தனையும் சிட்டிதான். எனக்கு அது ஒப்பவில்லை. என் அப்பா பால் வெட்டிய மலையில் (தோட்டத்தில்) ரப்பர் மரங்களெல்லாம் ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ஒரே வகையின் ஒட்டுக்கன்றுகள். பிறவியால் அவை யாவும் ஒரே மரம். ஆனால் வெட்டுப்பட்டையைத் தடவிப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் காயம் வேறு. கத்தி ஆழமாக இறங்கி முண்டு விழுந்த மரம் எது என்று அப்பா இருட்டிலேயே சொல்லிவிடுவார். நகல் எடுத்த கணத்திலிருந்து ஒவ்வொரு சிட்டியின் மீதும் வேறு காயம் விழத் தொடங்கிவிடுகிறது.

மறுமொழி 3: ஆறாம் படிவம்

எல்லாரும் எந்திரனையே பேசுகிறீர்கள். 2021இல் வெங்கட் பிரபு இயக்கிய 'மாநாடு' படத்தைப் போடலாமே? ஒரே நாள் திரும்பத் திரும்ப வருகிறது என்பதை எல்லாரும் ஜெர்மானியத் தத்துவவாதி நீட்சேயோடு இணைத்துப் பேசுவார்கள். எனக்கு அதில் அவ்வளவு ஆர்வம் இல்லை, ஏனெனில் எல்லாம் அப்படியே திரும்பத் திரும்ப நிகழும் என்று நீட்சே சொன்ன மீள்வரவில் எதையும் மாற்ற முடியாது, படத்தில் நாயகன் அப்துல் காலிக் மாற்றிக்கொண்டே இருக்கிறான். எனக்குப் பிடித்தது, வில்லனான தனுஷ்கோடிக்கும் முந்தைய சுற்றுகளின் நினைவு வந்துவிடுவது. இருவருக்கும் ஒரே நாள், ஒரே அறிவு, எத்தனை முறை தவறினாலும் மறுபடி முயலும் வாய்ப்பு. தெரிந்துகொண்டே யாரும் தீமை செய்வதில்லை, அறியாமைதான் காரணம் என்று சாக்ரடீஸ் கருதினார். தனுஷ்கோடிக்கு அறியாமை எதுவும் மிச்சமில்லை. அறிய அறிய அவன் தன் சதியில் தேர்ச்சி பெறுகிறான், அவ்வளவுதான். இங்கே வில்லன் கேள்வியைச் சுமக்கும் பாத்திரம் அல்லன். அவனே ஒரு மறுப்பு.

இன்னொன்று, படிவம் நான்கு பிள்ளைகளுக்குத் தீ விபத்துக் காட்சியைக் காட்டுவதாயிருந்தால், அந்தப் பெண் ஏன் சாக வேண்டியிருந்தது என்பதையும் பேச வேண்டும். சிட்டிக்கு வெட்கம் புரியவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால், உற்றுப் பார்த்த கூட்டமும் படம்பிடித்த கேமராவும் தப்பித்துவிடும். இதை ஷங்கரும் பெரிதாகக் கேட்டதாகத் தெரியவில்லை.

சுங்கைக்கரை

தங்கை கடைசியில் எழுதியதை நான் யோசித்திருக்கவில்லை. கலந்துரையாடலை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அடுத்த மாதம் 'எந்திரன்', அதற்கடுத்து 'மாநாடு' என்று வைத்துக்கொள்கிறோம். ஆலை நண்பர் சொன்ன கத்திக் காட்சியையும் தீ விபத்தையும் காட்டிவிட்டுப் படத்தை நிறுத்தி, சிட்டி செய்ததில் எது தவறு, யாருடைய தவறு என்று பேச வைக்கலாம் என்றிருக்கிறேன். வில்லன் சொன்னதே நினைவில் நிற்கிறது என்ற கருத்தில் எனக்கு இன்னும் முழு உடன்பாடு இல்லை. நினைவில் நிற்பது வேறு, பதில் பெறுவது வேறு. வாத்தியார் ஐயா, பூதவாதிப் பகுதியை எளிய உரையோடு நீங்களே வந்து படித்துக் காட்ட முடியுமா?

பழைய வாத்தியார்

வருகிறேன் தம்பி. என் பகுதியையும் அந்த இடைநிறுத்தத்திலேயே வைத்துவிடுங்கள். ஏறக்குறைய மூன்று மணி நேரப் படம் அது. முடிந்த பிறகு பேசலாம் என்றால், தோட்டத்துப் பிள்ளைகள் இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று மோட்டாரைக் கிளப்பிவிடுவார்கள். பாட்டை மட்டும் முன்கூட்டியே அச்சிட்டுக் கொடுத்துவிடுங்கள், பெரிய எழுத்தில்.