டாட்நெட் 3.5 ஏறவே மாட்டேன் என்கிறது, அவசரம்

காபிப்பழம்_ஏற்காடு:
எஸ்டேட் கூலிக்கணக்கு மென்பொருளைத் திறந்தால் டாட்நெட் 3.5 என்ற மைக்ரோசாஃப்ட் துணை மென்பொருளைக் கேட்கிறது. சரி என்று கொடுத்தால் ஏதோ பிழை. நாளை சனிக்கிழமை, பழம் பறித்தவர்களுக்குக் கூலி போட வேண்டும். யாராவது சொல்லுங்கள்.

சூரமங்கலம்_சர்வீஸ்:
எந்த விண்டோஸ்? பிழை எண் என்ன? நெட் எது?

நாலுரோடு_நண்பன்:
டவர்தான் காரணம். நாகலூரில் என் மச்சான் வீட்டிலும் எல்லாம் பாதியில் நின்றுவிடும். அஸ்தம்பட்டிக்கு இறங்கி வந்து யார் வீட்டு வைஃபையிலாவது போடுங்கள்.

அனுபவஸ்தன் (மூத்த உறுப்பினர்):
2007இல் வந்ததை இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். கேட்பதற்கு முன் பழைய இழைகளைத் தேடும் பழக்கம் இங்கே யாருக்கும் இல்லை.

காபிப்பழம்_ஏற்காடு:
20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏற நேரமில்லை அண்ணா. விண்டோஸ் 11 ப்ரோ, போன் ஹாட்ஸ்பாட். கோப்புகளைத் தேடுவதாகக் கொஞ்ச நேரம் ஓடுகிறது, அப்புறம் பிழை. எண் 80070422 என்று முடிகிறது.

சூரமங்கலம்_சர்வீஸ்:
டவர் இல்லை. அந்த எண் வந்தால் ஒரு சர்வீஸ் (விண்டோஸ் பின்னணியில் ஓடும் நிரல்) முடக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். டாட்நெட் கோப்புகள் விண்டோஸ் அப்டேட் வழியாகத்தான் இறங்கும். அதை யாராவது நிறுத்தினீர்களா?

காபிப்பழம்_ஏற்காடு:
போன மாதம் தம்பி ஒரு வீடியோ பார்த்து, விண்டோஸ் நம் தகவலை அனுப்பாமலிருக்க ஏதோ டூல் போட்டான். டேட்டாவும் மிச்சம் என்றான். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று நினைக்கவில்லை.

நாலுரோடு_நண்பன்:
தம்பி செய்தது சரி. என் வீட்டுக் கணக்கு எவனுக்கும் போக வேண்டாம்.

அனுபவஸ்தன் (மூத்த உறுப்பினர்):
விண்டோஸ் ஹோம், ப்ரோ இரண்டிலும் மைக்ரோசாஃப்டுக்குப் போகும் கட்டாயத் தரவை நிறுத்தவே முடியாது. இது தெரியாமல் டூல் போடுகிறார்கள்.

நாலுரோடு_நண்பன்:
விருப்பத் தரவை நிறுத்தலாமே சார்? எட்ஜில் பார்க்கும் தளங்கள், எந்த ஆப்பை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதெல்லாம் அதில்தான் போகிறது. எனக்கு அது பெரிய விஷயம்.

அனுபவஸ்தன் (மூத்த உறுப்பினர்):
நிறுத்தலாம். அதற்கு டூல் எதற்கு?

சூரமங்கலம்_சர்வீஸ்:
சண்டை அப்புறம். காபிப்பழம், ஸ்டார்ட் மெனுவில் சர்வீசஸ் என்று தேடித் திறங்கள். விண்டோஸ் அப்டேட்டை இரண்டு முறை தட்டி, ‘டிசேபிள்டு’ என்பதை ‘மேனுவல்’ ஆக்கி, அப்ளை கொடுத்து, ஸ்டார்ட் அழுத்துங்கள். பிறகு விண்டோஸ் வசதிகளை ஆன், ஆஃப் செய்யும் பட்டியலில் டாட்நெட் 3.5 வரியை மட்டும் டிக் செய்யுங்கள். அதற்குக் கீழே உள்ளே தள்ளி இருக்கும் இரண்டு பெட்டிகளைத் தொட வேண்டாம்.

தகவல் பகிர்வுக்கு செட்டிங்ஸில் பிரைவசி பகுதி, அதில் டயக்னாஸ்டிக்ஸ். விருப்பத் தரவுக்கு ஒரே சுவிட்ச், அதை அணைத்தால் போதும். டேட்டா மிச்சமாக, டாட்நெட் இறங்கிய பிறகு அந்த ஹாட்ஸ்பாட்டை ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ ஆக்கிவிடுங்கள்.

காபிப்பழம்_ஏற்காடு:
ஏறிவிட்டது. கூலிப் பட்டியல் பிரிண்ட் ஆகிறது. நன்றி அண்ணா. அந்தச் சுவிட்ச் மட்டும் சாம்பல் நிறத்தில் இருக்கிறது, அசையவில்லை.

சூரமங்கலம்_சர்வீஸ்:
மேலே ‘உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்று ஒரு வரி இருக்கிறதா? இருந்தால் அதுவும் அந்த டூல் எழுதி வைத்ததாக இருக்கும். டூலின் பெயரைச் சொல்லுங்கள், எடுத்துவிடலாம்.

நாலுரோடு_நண்பன்:
எனக்கும் அந்த வரி வருகிறது. என்ன செய்வது?